எடுக்காமல் விட்ட சிரிப்பு

என் வீட்டுக்காரர் எங்கள் பட்டறையின் நடுவில் செத்துக் கிடந்தார். மல்லாந்த உடம்பு. இடது கை தலைக்கு மேலே நீண்டிருந்தது. வலது கை ஒரு லாரிச் சக்கரத்தின் மேல் சரிந்திருந்தது. சட்டையில் நெஞ்சுப் பக்கம் சிவப்பாக ஒரு வட்டம். நான் கேமராவுக்குப் பின்னால், துவைத்து மடித்த துண்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

ரத்தம் என்று சினிமாக்காரர்கள் ஊற்றியது சர்க்கரைப் பாகில் சாயம் கலந்தது. கிட்டத்தில் போனால் திருவிழா மிட்டாய்க் கடை வாசனை அடித்தது. எறும்புகளுக்கு அது யாரும் சொல்லாமலே தெரிந்துவிட்டது. சக்கரத்துக்கு அடியிலிருந்து ஒரு வரிசை கிளம்பி, முழங்கை வழியாக ஏறி, சட்டைக் காலரில் சற்றுத் தயங்கி, காதை நோக்கிப் போனது.

அவர் அசையவில்லை. வீட்டில் ஒரு கொசு கடித்தால் எழுந்து உட்கார்ந்து, விளக்கைப் போட்டு, அந்தக் கொசுவைக் கண்டுபிடிக்காமல் படுக்க மாட்டார். அப்படிப்பட்டவர் இமைகூடத் துடிக்காமல் கிடந்தார். அவர் நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்த்தேன். நடிப்பு என்று தெரியும். தெரிந்தும் பார்த்தேன்.

“கட்” என்றார்கள். கைதட்டினார்கள்.

எங்கள் வெல்டர் மாரப்பன் என் பக்கத்தில் நின்றிருந்தான். “ஏனுங்கக்கா, அண்ணன் சாவறதுல பெரிய கெட்டிக்காரரா இருக்கறாருங்க” என்றான்.

“வாயை மூடு” என்றேன்.

லாரித் திருடர்கள்

பட்டறைக்குள் சினிமா எப்படி வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் வாழ்க்கையை வரிசையாக எழுதிவரும் இந்தத் தொடரில், போன வாரம் எங்கள் மகள் பிறந்த மழை நாளைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்த சேந்தமங்கலத்து வாசகி ஒருவர், “அதெல்லாம் இருக்கட்டும், உங்கள் வீட்டுக்காரர் சினிமாவில் ரவுடியாக வந்தாரே, அதை ஏன் எழுதவில்லை?” என்று கேட்டிருந்தார். எழுதக் கூடாது என்றில்லை. முறைப்படி அது கடைசியில் வர வேண்டியது. ஆனால் கேட்டவரைக் காக்க வைப்பதும் முறையில்லை.

நாமக்கல்லிலிருந்து சேலம் போகும் வழியில் எங்கள் பட்டறை இருக்கிறது. லாரிக்குப் பாடி கட்டுகிறோம். கம்பெனியிலிருந்து வண்டி வெறும் எலும்புக்கூடாக வரும். எஞ்சின், சட்டம், சக்கரங்கள், அவ்வளவுதான். டிரைவர் முகத்தில் துணியைச் சுற்றிக்கொண்டு, காற்றும் புழுதியும் முகத்தில் அறைய, திறந்த வெளியில் உட்கார்ந்து அதை ஓட்டி வருவார். நாங்கள் அதற்குக் கூடு கட்டி, கதவு வைத்து, பெயின்ட் அடித்து அனுப்புவோம். வந்தபோது இருந்ததற்கும் போகும்போது இருப்பதற்கும் சம்பந்தமே இருக்காது.

படத்தின் கதையும் அதுதான். ஒரு கும்பல் லாரிகளைத் திருடி, பட்டறையில் கூட்டை மாற்றி, வேறு வண்டியாக்கி விற்கிறது. குறுக்கே வருகிறவர்களைக் கொல்கிறது. ஒரு துப்பறியும் போலீஸ் அதிகாரி அந்தக் கும்பலைத் துரத்துகிறார். மேலதிகாரி தடுக்கிறார், இடமாற்றம் போடுகிறார், கும்பல் ஆட்கள் அவர் வீட்டு வாசலில் பெட்ரோல் ஊற்றுகிறார்கள். அவர் விடுவதாக இல்லை. ஒவ்வொருவராகப் பிடித்துக்கொண்டே வருகிறார்.

பட்டறை பார்க்க வந்த இயக்குநர் என் வீட்டுக்காரரைப் பார்த்தார். மீசையைப் பார்த்தார். இடது புருவத்தைப் பிளந்துகொண்டு போகும் தழும்பைப் பார்த்தார். அது தகரம் வெட்டும்போது தெறித்துப் பட்டது. இயக்குநர் அதைக் கத்திக்குத்து என்று எடுத்துக்கொண்டார்.

“இவரே நடிக்கட்டும்” என்றார்.

உண்மையில் அவர் எப்படிப்பட்ட ரவுடி என்பதற்கு ஒன்று சொல்கிறேன். கல்யாணமான புதிதில் ராசிபுரத்தில் ஒரு போலீஸ் படத்துக்குக் கூட்டிப் போனார். இடைவேளையில் முறுக்கு வாங்கிக் கொடுத்துவிட்டு, “அந்தத் தம்பிக்காரன் பொழச்சுக்கிட்டானா?” என்று என்னிடம் கேட்டார். சண்டை வந்த இடமெல்லாம் கண்ணை மூடியிருந்திருக்கிறார். டிக்கெட் வாங்கியவர் அவர், படம் பார்த்தவள் நான். வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் முழுக் கதையையும் அவருக்கு நான்தான் சொன்னேன்.

யாருங்க நீங்க?

அவருக்கு முதலில் ஒரு வசனம் இருந்தது. துப்பறியும் அதிகாரி பட்டறைக்குள் நுழைவார். என் வீட்டுக்காரர் இரும்புக் கம்பியை எடுத்துக்கொண்டு எதிரே வந்து, “யார்றா நீ?” என்று கேட்க வேண்டும்.

கேமரா ஓடியது. அதிகாரி நுழைந்தார். இவர் கம்பியை எடுத்தார். எதிரே போனார்.

“யாருங்க நீங்க?” என்றார்.

இயக்குநர் மறுபடி எடுக்கச் சொன்னார். மறுபடியும் அதே மரியாதை. உதவி இயக்குநர் கவிதா அவரைத் தனியே அழைத்துப் போய்ச் சொல்லிக் கொடுத்தாள். மெட்ராஸ் பெண், பொறுமைசாலி, எங்கள் மகளைவிடச் சில வயது பெரியவள்.

“சார், நீங்க ரவுடி. உங்க எடத்துக்குள்ள போலீஸ் வந்திருக்கு. கோபமாக் கேக்கணும்.”

“கோவமாத்தானுங்க கேட்டேன்.”

“அந்த ‘ங்க’ வேணாம் சார்.”

“ஊடு தேடி வந்த மனுசன எப்புடிங்க அப்படிக் கேக்கறது?”

கடைசியில் இயக்குநர் அவரை ஊமை ரவுடி ஆக்கிவிட்டார். கம்பியை ஓங்க வேண்டும், ஓட வேண்டும், சுடப்பட்டு விழ வேண்டும். அவ்வளவுதான். மாரப்பன் அன்று முழுவதும் அவரை ‘ஊமை அண்ணன்’ என்றே கூப்பிட்டான்.

அவர் ஓடும்போது பின்னாலிருந்து அதிகாரி சொல்ல வேண்டிய வசனம் ஒன்று உண்டு. கதாநாயகன் அதைத் திரும்பத் திரும்பச் சொன்னதில் பட்டறையில் எல்லோருக்கும் மனப்பாடம் ஆகிவிட்டது. “ஓடு. எவ்வளவு தூரம் வேணும்னாலும் ஓடு. ஓடி முடிச்சிட்டுத் திரும்பிப் பாரு, நான் நிப்பேன்.” இவர் திரும்பிப் பார்த்ததும் துப்பாக்கிச் சத்தம்.

இரண்டு வழக்கங்கள்

இனி, அந்தச் சாவுக் காட்சி முடிந்த பிறகு நடந்ததைச் சொல்ல வேண்டும்.

சினிமாக்காரர்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. பிணமாக நடித்தவர் மேக்கப்பைக் கலைக்கும் முன்பு, அதே இடத்திலிருந்து அதே கேமராவைப் பார்த்து ஒரு தடவை சிரித்துவிட வேண்டும். அதைப் படம் பிடித்துக்கொள்வார்கள். படத்தில் வராது. செத்துக் கிடந்த கோலமே அந்தக் கேமராவில் அவருடைய கடைசி உருவமாக இருந்துவிடக் கூடாது என்பதுதான் காரணம்.

எங்கள் பட்டறையிலும் ஒரு வழக்கம் உண்டு. கட்டி முடித்த வண்டியை நல்ல நேரத்துக்குள் சாவி கொடுத்து வெளியே அனுப்ப வேண்டும். சூடம் காட்டி, சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, அதை நசுக்கிக்கொண்டு வண்டி வாசலைத் தாண்ட வேண்டும். சாவியை அவர் கையால்தான் கொடுப்பார். ஒரு தடவைகூட மாறியதில்லை.

அன்று இரண்டு வழக்கங்களும் மோதிக்கொண்டன.

தம்மம்பட்டியிலிருந்து ஒருவர், மரவள்ளிக் கிழங்கு ஏற்றும் வியாபாரி, குடும்பத்தோடு தன் புது வண்டியை எடுக்க வந்து வாசலில் காத்திருந்தார். நல்ல நேரம் முடியப்போகிறது. இங்கே கவிதா, “சார், எழுந்திரிக்காதீங்க. சிரிக்கிற ஷாட் ஒண்ணு எடுத்திடலாம்” என்கிறாள். கேமராவில் ஏதோ மாற்றிக்கொண்டிருந்தார்கள்.

“இதோ வந்தர்றனுங்க” என்று எழுந்து வாசலுக்கு ஓடிவிட்டார்.

வியாபாரியின் மனைவி நெஞ்சில் கையை வைத்துக்கொண்டாள். வியாபாரி, “ஏனுங்க, என்னங்க இது கோலம்?” என்று இரண்டடி பின்னால் போனார். இவர் குனிந்து பார்த்துக்கொண்டார். சட்டையைக் கழற்றி மாரப்பன் மேல் வீசிவிட்டு, என் கையிலிருந்த துண்டைப் பிடுங்கித் தோளில் போட்டுக்கொண்டு, சூடம் காட்டி, சாவி கொடுத்தார். எலுமிச்சம்பழம் நசுங்கியது. வண்டி வெளியேறியது.

அவர் திரும்பி வந்தபோது வெளிச்சம் போய்விட்டிருந்தது. கேமராவைப் பெட்டிக்குள் வைத்துவிட்டார்கள். “பரவாயில்ல சார், நாளைக்கு எடுத்துக்கலாம்” என்றாள் கவிதா. மறுநாள் படக்குழுவே கொல்லிமலை அடிவாரத்துக்குக் கிளம்பிவிட்டது. பிறகு மெட்ராஸ் போய்விட்டார்கள்.

நான் அதைப் பொருட்படுத்தவில்லை. துண்டில் ஒட்டிய சாயம் போகவில்லை என்பதுதான் அன்றைக்கு என் கவலை.

மாடிப்படி

கோடை முடியும் சமயத்தில் ஒரு நாள் காலை அவர் மாடிப்படியில் பாதியில் நின்றார். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, வெளியே எதையோ பார்ப்பது போல நின்றார். அங்கே பார்க்க ஒன்றுமில்லை. பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டிதான் இருந்தது.

“என்னங்க?”

“ஒண்ணுமில்ல அம்மிணி. அந்தத் தொட்டி ஒழுகுதான்னு பாத்தேன்.”

தொட்டி ஒழுகவில்லை. அவர் சட்டைதான் முதுகில் நனைந்திருந்தது.

சேலத்துக்குக் கூட்டிப் போனேன். ஆஞ்சியோ எடுத்தார்கள். இருதயத்துக்குப் போகும் குழாய்களில் மூன்று இடத்தில் அடைப்பு. டாக்டர் ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார். பைபாஸ் ஆபரேஷன் செய்துகொண்டால் நன்றாக இருப்பார், தள்ளிப்போட வேண்டாம், இந்த வாரமே சேர்ந்துவிடுங்கள் என்றார். இவர் மரியாதையாக எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

வீட்டுக்கு வந்ததும், “பாக்கலாம்” என்றார்.

முதலில், ஒரு பள்ளிக்கூடத்து பஸ்களுக்குப் பாடி கட்டும் வேலை முடியட்டும் என்றார். முடிந்தது. ஆடி மாதம் போகட்டும் என்றார். போனது. மகள் ஓசூரிலிருந்து ஒவ்வொரு நாளும் போனில் அழுதாள். டாக்டரே தன் வீட்டிலிருந்து எனக்குப் போன் செய்தார். “அம்மா, இது காத்திருக்காது” என்றார்.

நான் மாத்திரைகளை வேளைக்கு ஒரு டப்பா என்று பிரித்து வைத்து, அவர் விழுங்கும்வரை நின்று பார்த்தேன். அவர் தூங்கும்போது மூச்சு வருகிறதா என்று பார்ப்பது என் வேலையாகிவிட்டது. காய்கறி நறுக்கிக்கொண்டே இருப்பேன். கூடத்தில் செய்தித்தாள் புரளும் சத்தம் நின்றால் கத்தியைக் கீழே வைத்துவிட்டு எட்டிப் பார்ப்பேன்.

அந்த இடம்

காரணத்தை மாரப்பன்தான் சொன்னான். பட்டறைக்கு டீ கொண்டுபோன ஒரு சாயங்காலம், அவன் வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு என் அருகில் வந்தான்.

“அக்கா, ஒண்ணு சொன்னா வையமாட்டீங்களே?”

“சொல்லு.”

“அண்ணன் எப்புடி நடக்கறாருன்னு பாருங்க.”

பார்த்தேன். அவர் அலுவலக அறையிலிருந்து பெயின்ட் கொட்டகைக்குப் போய்க்கொண்டிருந்தார். பட்டறையின் நடுவே வந்ததும் நேரே போகாமல், வளைந்து, சுவரோரமாகப் போனார். அவர் செத்துக் கிடந்த இடம் அது. அந்த இடத்தில் கொஞ்ச நாளாக எந்த வண்டியும் நிற்பதில்லை என்பதை நானும் கவனித்திருந்தேன். தரை சரியில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

“சிரிக்காம எந்திரிச்சு வந்துட்டாருங்கல்ல. அதான் பயப்படறாரு. மயக்க ஊசி போட்டா எந்திரிக்க மாட்டம்னு நெனைக்கறாருங்க.”

“உங்கிட்டச் சொன்னாரா?”

“சொல்லலீங்க. அந்தக் கேமரா எந்த ஊர்ல இருக்குதுன்னு எங்கிட்ட ரெண்டு தடவ கேட்டாரு.”

எனக்கு முதலில் வந்தது கோபம். டாக்டர் தாளில் படம் போட்டுக் காட்டிய பிறகு, சினிமாக்காரர்களின் ஒரு சம்பிரதாயத்துக்காக உயிரைப் பணயம் வைப்பதா? சகுனம், நேரம் இவற்றில் எனக்கு நம்பிக்கை இல்லை. பட்டறை எலுமிச்சம்பழத்தைக்கூட வீணாகும் பழம் என்றுதான் பார்த்திருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து கேட்டேன். அவர் மறுக்கவில்லை. சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே இருந்தார்.

“நீ சிரிப்பேன்னுதான் சொல்லல.”

“நான் எங்கே சிரிக்கிறேன்?”

“அதுவுஞ் சரிதான். நீ சிரிக்க மாட்ட. வைவே.” பொத்தானை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். “அம்மிணி, எலுமிச்சம்பழம் வெக்காம நம்ம பட்டறையிலிருந்து ஒரு வண்டியாச்சும் வெளிய உட்டிருக்கறனா?”

“அது வண்டிக்குங்க.”

“நான் வண்டிய விட மட்டமா?”

அவர் கண்ணைப் பார்த்தேன். விளையாட்டு இல்லை. தகரம் புருவத்தைப் பிளந்தபோதுகூட ஒரு கைக்குட்டையை அழுத்திக்கொண்டு தானே ஸ்கூட்டரில் ஆஸ்பத்திரிக்குப் போனவர். இப்போது பயந்துபோய் உட்கார்ந்திருந்தார். நம்பிக்கை என்னுடையதாக இருக்க வேண்டிய அவசியமில்லை. இருதயமும் அவருடையது, பயமும் அவருடையது. பயத்தைத் தீர்த்தால்தான் இருதயத்துக்குப் போக முடியும். வேலை வரிசை அதுதான்.

மறுநாள் காலை கவிதாவுக்குப் போன் செய்தேன்.

கவிதா வந்தாள்

நான் நடந்ததை முதலிலிருந்து ஒழுங்காகச் சொல்லி முடிக்கும்வரை அவள் குறுக்கே பேசவில்லை. முடித்ததும், “சாரி அக்கா. அன்னிக்கு நான் விட்டிருக்கக் கூடாது” என்றாள். அவள் மேல் தப்பில்லை என்றேன். போனிலேயே வீடியோவில் சிரிக்கச் சொல்லலாமா என்று கேட்டாள். நான் அதை அவரிடம் கேட்டிருந்தேன். “போன் வேற, கேமரா வேற” என்று முடித்துவிட்டார்.

அவர்களுக்கு நல்லவேளையாக ராசிபுரம் ரோட்டில் விட்டுப்போன ஒரு லாரிக் காட்சி எடுக்க வேண்டியிருந்தது. அந்த வாரக் கடைசியில் கவிதா கேமராமேனையும் அதே கேமராவையும் கூட்டிக்கொண்டு பட்டறைக்கு வந்தாள். ஒரு பிளாஸ்டிக் பையில் அந்தச் சட்டையையும் கொண்டுவந்திருந்தாள். படம் வெளியாகும்வரை சட்டையைத் துவைக்க மாட்டார்களாம். கறை காய்ந்து கறுத்துப் போயிருந்தது.

அவர் சட்டையைப் போட்டுக்கொண்டார். அந்த இடத்துக்கு நேராக நடந்தார். ஓரடி முன்னால் நின்றார். பிறகு போய்ச் சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்தார். எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டுச் சுற்றி நின்றார்கள்.

“சார், கேமராவைப் பார்த்துச் சிரிங்க” என்றாள் கவிதா.

அவர் உதடுகளை விரித்தார். மீசை மேலே ஏறியது. கண் அப்படியே இருந்தது.

“இது சிரிப்பில்லீங்க. பல்லு டாக்டருகிட்டக் காட்டறாப்பல இருக்குது” என்றான் மாரப்பன்.

மறுபடி முயன்றார். வரவில்லை. கேமராமேன் ஒரு சினிமா ஜோக் சொன்னார். மாரப்பன், இவர் ‘யாருங்க நீங்க’ என்று கேட்டதை நடித்துக் காட்டினான். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். இவருக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. நெற்றி வியர்த்துக்கொண்டே வந்தது.

“வரமாட்டேங்குதுங்க” என்றார் கவிதாவிடம், மிக மெதுவாக. பிறகு கூட்டத்தில் என்னைத் தேடிப் பார்த்தார். அந்தப் பார்வையை எழுத எனக்குத் தெரியவில்லை. கேமரா வந்தும் சிரிப்பு வராவிட்டால், அதற்குமேல் அவருக்குப் போக்கிடம் இல்லை. அவர் ஆஸ்பத்திரிக்கு வரமாட்டார். அது எனக்குத் தெரிந்துவிட்டது. வெயில் கூரையை விட்டு நகர்ந்துகொண்டிருந்தது.

மூலைமட்டம்

நான் பொது இடத்தில் உரக்கப் பேசுகிறவள் இல்லை. பள்ளிக்கூட ஆண்டுவிழாவில்கூட மேடை ஏறியதில்லை. அதனால் அடுத்து நடந்ததை நான் யோசித்துச் செய்தேன் என்று சொல்ல முடியாது.

பக்கத்து மேசையில் தச்சர் வைத்திருந்த மூலைமட்டம் கிடந்தது. மரத்தை மூலை கோணாமல் வெட்டுவதற்கு வைத்துப் பார்க்கும் கருவி. ஒரு கை நீளம், ஒரு கை குட்டை. பிடித்தால் துப்பாக்கி மாதிரி இருக்கும். அதை எடுத்துக்கொண்டேன். சேலை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டேன். போய் அவருக்கு எதிரே நின்று, மூலைமட்டத்தை இரண்டு கையாலும் நீட்டினேன்.

“கையைத் தூக்குங்க” என்றேன்.

அவர் வாய் லேசாகத் திறந்தது.

“அம்மிணி?”

“கையத் தூக்குங்கன்னு சொன்னேனுங்க. எடது கையப் பாத்து மெதுவாத் தூக்குங்க. டாக்டரு சொல்லியிருக்கறாரு.”

அவர் கையைத் தூக்கினார். மாரப்பன் எங்கோ மூக்கால் ஒரு சத்தம் போட்டான்.

நிறுத்தினால் அப்புறம் சொல்ல முடியாது என்று தோன்றியது. அந்த அதிகாரியின் வசனத்தைச் சொன்னேன். என் வாயில் அது இப்படித்தான் வந்தது.

“ஓடுங்க. எவ்வளவு தூரம் வேணுமின்னாலும் ஓடுங்க. காத்தால மாத்திரைய முழுங்கிப்போட்டு ஓடுங்க. மாடிப்படி ஏறாம ஓடுங்க. ஓடி முடிச்சுப்போட்டுத் திரும்பிப் பாருங்க, நான் நின்னுக்கிட்டுத்தான் இருப்பேன். ஆஸ்பத்திரிக்குள்ளாற போனாலும் சரி, மயக்க ஊசி போட்டுத் தூங்கினாலும் சரி. எங்க போனாலும் புடிச்சுக் கூட்டியாந்துருவேன். நான் உடமாட்டேனுங்க.”

சொல்லி முடித்த பிறகும் மூலைமட்டத்தைக் கீழே விடவில்லை.

அவர் என்னைப் பார்த்தபடியே இருந்தார். முதலில் தோள் குலுங்கியது. பிறகு வயிறு. பிறகு அந்தச் சிரிப்பு வந்தது. உரக்க, கண் இடுங்கி, புருவத் தழும்பு மடிந்து, கை இரண்டும் இன்னும் மேலே தூக்கியபடி. சக்கரத்தில் தலை சாய்த்துச் சிரித்தார். கன்னத்தில் கண்ணீர் ஓடியது. “போலீசுக்காரிச்சி... ஐயோ சாமி... போலீசுக்காரிச்சி” என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

கவிதா ‘கட்’ சொல்லவில்லை. அவளும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“அக்கா, உங்க முதுகு பாதி ஃப்ரேம மறைக்குது” என்றாள் பிறகு. “இன்னொண்ணு எடுக்கலாமா?”

“வேண்டாமுங்க” என்றார் அவர். “இதே போதும்.” எழுந்து சட்டையைக் கழற்றி அவளிடம் கொடுத்தார். “நாளைக்கே போலாம் அம்மிணி” என்றார் என்னிடம்.

தலையணை

ஆபரேஷன் அன்று நான் எங்கே உட்கார்ந்திருந்தேன், என்ன சாப்பிட்டேன் என்பது நினைவில் இல்லை. எனக்கே ஆச்சரியமான விஷயம் அது. கண் விழித்ததும் அவர் என்னைத்தான் முதலில் பார்த்தார். நான் சொன்ன இடத்தில்தான் நின்றேன்.

நெஞ்செலும்பை அறுத்துச் சேர்த்திருந்ததால், இருமும்போதும் தும்மும்போதும் ஒரு தலையணையை மார்போடு அணைத்துக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். சிரிக்கும்போதும் அப்படியே. இருமல் அவருக்கு வரவில்லை. என்னைப் பார்க்கும்போதெல்லாம் சிரிப்புதான் வந்தது. நான் மாத்திரை டப்பாவைத் திறந்தால் போதும், கையைத் தூக்குவார். “சிரிக்க வெக்காத அம்மிணி, நோகுது” என்பார். நான் ஒன்றுமே செய்திருக்க மாட்டேன்.

சில வாரங்களில் படம் வந்தது. உட்கார்ந்து பார்க்கலாம், கூட்டத்தில் இடிபடக் கூடாது என்றார் டாக்டர். ஒரு வேலை நாளில் பகல் காட்சிக்குப் போனோம். தலையணையையும் எடுத்துப் போனோம். டிக்கெட் கிழிப்பவர் அதை விசித்திரமாகப் பார்த்தார்.

துப்பறியும் அதிகாரி எங்கள் பட்டறைக்குள் நுழைந்தபோது அரங்கமே அமைதியாகிவிட்டது. இசைகூட நின்றுவிட்டது. என் வீட்டுக்காரர் திரையில் கம்பியை ஓங்கினார், திரும்பி ஓடினார். கதாநாயகன் துப்பாக்கியை நீட்டி, இறுகிய குரலில் ஆரம்பித்தார்.

“ஓடு. எவ்வளவு தூரம் வேணும்னாலும் ஓடு...”

என் பக்கத்து இருக்கை குலுங்க ஆரம்பித்தது.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் எனக்கும் வந்துவிடும். துப்பாக்கி வெடித்தது. திரையில் அவர் விழுந்தார். யாரோ ஒரு பெண் ‘ஐயோ’ என்றாள். இங்கே அவர் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, மூச்சுத் திணறச் சிரித்துக்கொண்டிருந்தார்.

முன் வரிசையில் இருந்தவர் திரும்பினார். நல்ல கோபம்.

“ஏனுங்க பெரியவரே, ஒரு மனுசன் சாவறான். அங்கென்னங்க சிரிப்பு?”

“மன்னிச்சுக்கோங்க” என்றார் இவர். “அந்த மனுசன் நாந்தானுங்க.”

அவர் திரையைப் பார்த்தார், இவரைப் பார்த்தார், தலையணையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் ஆமாம் என்று தலையாட்டினேன். அவரும் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்.

“நோகுது அம்மிணி” என்றார் என் வீட்டுக்காரர். நான் இரண்டு கைகளாலும் அந்தத் தலையணையை அவர் நெஞ்சோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டேன். அவர் சிரித்து முடிக்கும்வரை விடவில்லை.